பார்வையைப் பறிக்கும் கண் நோய்கள்: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர், மர்ஃபி டவுன் பக்கம் நடக்கும் கண் முகாம்களில் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். நான் ஆப்டோமெட்ரிஸ்ட். பவர் பார்ப்பது, கண் அழுத்தம் அளப்பது, ஸ்கேன் எடுப்பது என் வேலை. நோயை உறுதிசெய்து சிகிச்சை தருவது கண் டாக்டரின் வேலை. இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

கண்ணாடிக் கடையிலேயே கம்ப்யூட்டர் செக்கப் பண்ணிட்டேன். எல்லாம் நார்மல்னு சொன்னாங்க. அப்புறம் எதுக்கு டாக்டர்?

அந்த கம்ப்யூட்டர் உங்கள் கண்ணாடி பவரை மட்டும்தான் அளக்கிறது. கண்ணுக்குள்ளே பின்பக்கம் இருக்கும் விழித்திரையையோ பார்வை நரம்பையோ அது பார்ப்பதில்லை. கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) பாதி நரம்பைத் தின்ற பிறகும் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படிப்பவர்கள் உண்டு. சர்க்கரையால் விழித்திரையில் ரத்தம் கசிந்துகொண்டிருக்க, ஊசியில் நூல் கோர்ப்பவர்களும் உண்டு. எங்கள் தொழிலில் எல்லோரையும் பயமுறுத்துவது இதுதான்: பார்வையைப் பறிக்கும் நோய்களில் பெரும்பாலானவை வலிக்காது, ஆரம்பத்தில் மங்கலும் தராது.

இந்த ஊரில் தெருவுக்குத் தெரு ‘இலவசக் கண் பரிசோதனை’ போர்டு தொங்குகிறது. கண்ணாடி விற்கும் கடை பவர் பார்ப்பதில் தவறில்லை. அதையே முழுப் பரிசோதனை என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து. உங்களுக்கு நடந்தது முழுப் பரிசோதனைதானா என்று அறிய மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கண் அழுத்தம் அளந்தார்களா? தாடையை ஊன்ற வைத்து ஸ்லிட் லேம்ப் என்ற நுண்ணோக்கியில் பார்த்தார்களா? மருந்து விட்டுப் பாப்பாவை (கண்ணின் நடுவில் தெரியும் கரிய துளையை) விரித்து உள்ளே பார்த்தார்களா? மூன்றாவது நடக்கவில்லை என்றால் விழித்திரையின் ஓரங்களை யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

அந்த மருந்து விட்டா அரை நாள் வீணாப் போகுதே. அது இல்லாம பார்க்க முடியாதா?

பாப்பா சுருங்கியிருந்தால் நடுப்பகுதி மட்டும்தான் தெரியும். விழித்திரையில் கிழிசல் விழுவது பெரும்பாலும் ஓரங்களில். மருந்து விடாமலே படம் எடுக்கும் கேமராக்கள் வந்துவிட்டன. சர்க்கரை நோயாளிகளை முதல் கட்டமாகச் சலித்தெடுக்க அவை நல்லவைதான். படத்தில் சந்தேகம் வந்தாலோ, பளிச்சென்று மின்னுகிறது, புள்ளி மிதக்கிறது என்று நீங்கள் சொன்னாலோ மருந்து விட்டே ஆக வேண்டும்.

நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கிட்டப் பார்வை கலங்கும், வெயில் கூசும். ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு மெட்ரோவில் வாருங்கள், கூட ஒருவரை அழைத்து வாருங்கள், கூலிங் கிளாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பா விரிந்த கண்ணோடு சில்க் போர்டு சிக்னலைக் கடப்பது யாருக்கும் நல்லதல்ல.

எந்த அறிகுறி வந்தா நாளைக்குன்னு தள்ளிப் போடக் கூடாது?

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

சுண்ணாம்பு, ஆசிட், டாய்லெட் கிளீனர் கண்ணில் பட்டால் நிமிடக் கணக்கு. ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால் குழாயைத் திறந்து, இமையை விரித்துப் பிடித்து, இருபது முப்பது நிமிடம் விடாமல் கழுவுங்கள். அதன் பிறகு ஆட்டோ பிடியுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் அழுத்தி விளையாடும்போது பீய்ச்சியடித்துக் கருவிழி (கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல இருக்கும் படலம்) வெந்துபோவது நம் வீடுகளில் நடக்கிறது. பெரியவர்கள் பாக்கெட்டைக் கைக்கெட்டாமல் வைக்க வேண்டும். பட்டாசோ கம்பியோ கண்ணைக் குத்தியிருந்தால் கதையே வேறு: கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தியிருப்பதைப் பிடுங்காதீர்கள். காகிதக் கோப்பையைக் கண்மேல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள். தையல் போட மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் காபிகூட வேண்டாம்.

ஒரு கண் மட்டும் திடீரென்று, வலியே இல்லாமல், விளக்கை அணைத்த மாதிரி இருண்டுபோனால் விழித்திரையின் ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். அது கண்ணில் வந்த பக்கவாதம். அடுத்தது மூளையில் வரக்கூடும். சில நிமிடம் இருண்டுவிட்டுத் தானாகத் திரும்பினாலும் அதே எச்சரிக்கைதான். கண் கிளினிக் தேடி அலையாமல், பக்கவாதத்துக்கு அவசரச் சிகிச்சை தரும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள்.

கண் சிவந்து, தலை பிளக்கும் வலியோடு வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் கண்ணின் நீர் வடியும் மூலை சட்டென்று அடைத்து அழுத்தம் எகிறியிருக்கலாம். வாந்தி வருவதால் இதை வயிற்றுக் கோளாறு என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ நினைத்து ஊசி போட்டுப் படுக்க வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கே அழுத்தத்தைக் குறைத்து, லேசரால் பாப்பாவைச் சுற்றியுள்ள திரையில் சிறு துளை போட வேண்டும். மறு கண்ணிலும் அந்தத் துளையைப் போட்டுவிடுவது வழக்கம்.

கண்ணின் ஓரத்தில் மின்னல், திடீரென்று கொசுக்கூட்டம்போலக் கரும்புள்ளிகள், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது: விழித்திரை கிழிந்து கழன்றுகொண்டிருக்கலாம். கிட்டப்பார்வைக் கண்ணாடி தடிமனாகப் போடுபவர்களுக்கும் புரை ஆபரேஷன் செய்தவர்களுக்கும் இது கூடுதலாக வரும். கிழிசல் மட்டும் இருக்கும்போது பிடித்தால் லேசர் போட்டுச் சுற்றிலும் ஒட்டவைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடு விழித்திரையும் கழன்றுவிட்டால் ஆபரேஷன் நன்றாக முடிந்தாலும் பழைய கூர்மை கிடைப்பது கடினம். ஞாயிற்றுக்கிழமை என்று காத்திருக்காதீர்கள்.

கண் பிரஷர்னா பி.பி.தானே? எனக்கு பி.பி. நார்மல்.

இரண்டும் வேறு. கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறி, ஓயாமல் வடிந்துகொண்டே இருக்கிறது. குழாய் திறந்தபடி இருக்க வடிகால் அடைத்துக்கொண்ட தொட்டிபோல, வடிவது குறைந்தால் அழுத்தம் ஏறுகிறது, பார்வை நரம்பு நசுங்குகிறது. பொதுவாக 10 முதல் 21 வரை நார்மல் என்பார்கள். ஆனால் 18 இருந்தும் நரம்பு தேய்பவர்கள் உண்டு. 24 இருந்தும் ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு. அதனால் ஒற்றை எண்ணை வைத்து யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள். நரம்பின் தோற்றம், அதன் தடிமனைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன், விளக்குப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கும் பார்வைப் பரப்புச் சோதனை, நீர் வடியும் மூலையைப் பார்க்கும் லென்ஸ், கருவிழியின் தடிமன் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். பொத்தான் சோதனை முதல் தடவை பலருக்கும் சொதப்பும். மறுபடி எடுக்கச் சொன்னால் பணம் பிடுங்குகிறார்கள் என்று கோபப்படாதீர்கள்.

அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது கண் நீர் அழுத்த நோய் இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு. ஊரில் தாத்தாவுக்கு ‘வயசாச்சு, கண் தெரியல’ என்று விட்டுவிட்டிருப்பார்கள். அது புரையா, இந்த நோயா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி ஒரு தாத்தா இருந்தால் நாற்பது வயதிலிருந்து ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்து ரெண்டு மாசம் விட்டேன். ஒண்ணும் வித்தியாசம் தெரியல, நிறுத்திட்டேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. இந்தச் சொட்டு, இருக்கும் பார்வையைக் காப்பதற்கு. போனதைத் திருப்பித் தராது. அதனால் வித்தியாசம் தெரியவில்லை என்பதற்காக அது வேலை செய்யவில்லை என்று பொருள் இல்லை. பி.பி. மாத்திரைபோல் ஆயுள் முழுக்க விட வேண்டியிருக்கும். தினமும் விட முடியாதவர்களுக்கு லேசர் ஒரு வழி. சிலருக்கு லேசரையே முதல் சிகிச்சையாகவும் தருகிறார்கள். அழுத்தம் அடங்காவிட்டால் நீர் வடியப் புது வழி அமைக்கும் ஆபரேஷன்.

ஒரு சொட்டு போதும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரக் கண் மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே தங்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். ஆஸ்துமாவோ, இதயத் துடிப்பு மெதுவாக இருக்கும் கோளாறோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிமோலால் சொட்டு உங்களுக்கு ஆகாது. லாட்டனோபிராஸ்ட் சொட்டில் கண் சற்றே சிவக்கும், இமை முடி நீளும். முடி நீண்டதற்காக இதுவரை யாரும் என்னிடம் குறைப்பட்டதில்லை.

பையனுக்குக் கண் அரிப்பு. போன வருஷம் எழுதின சொட்டையே மெடிக்கல்ல வாங்கிப் போடறோம். உடனே கேக்குதே?

அதுதான் கவலை. உடனே கேட்கும் சொட்டில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் ஆகிய பெயர்கள் அட்டையில் இருக்கிறதா பாருங்கள். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறி, வலியில்லாமல் நரம்பு தேயும், புரையும் வரும். பெங்களூரில் தூசியும் மகரந்தமும் சேர்ந்து குழந்தைகளுக்கு இந்த அரிப்பு நிறையவே வருகிறது. பத்தாவது படிக்கிற பையன் அரிப்புச் சொட்டால் பார்வை நரம்பை இழந்து வருவதைப் பார்ப்பதைவிட எரிச்சலூட்டுவது எங்கள் வேலையில் இல்லை. ஏனென்றால் முழுக்கத் தவிர்க்கக்கூடியது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை, இடையில் அழுத்தம் பார்த்துக்கொண்டே போட வேண்டிய மருந்து.

கண்ணைக் கசக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். கசக்கக் கசக்கக் கருவிழி மெலிந்து கூம்பாக முன்தள்ளும் நோய் இளவயதில் வருகிறது. ஆறு மாதத்துக்கொரு முறை சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சமமில்லாததைச் சரிசெய்யும் பவர்) ஏறிக்கொண்டே போனால் கருவிழியின் மேடுபள்ளத்தைப் படமெடுக்கும் டோபோகிராஃபி கேளுங்கள். சீக்கிரம் பிடித்தால் சி3ஆர் என்ற சிகிச்சையில் வைட்டமின் சொட்டும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழியைக் கெட்டிப்படுத்தி, அந்த நிலையிலேயே நிறுத்திவிடலாம்.

சுகர் கன்ட்ரோல்ல இருக்கு, பார்வையும் நல்லா இருக்கு. வருஷா வருஷம் எதுக்கு?

பார்வை நன்றாக இருக்கும்போது பிடித்தால்தான் நன்றாகவே வைத்திருக்க முடியும். பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை கண்டுபிடிக்கப்படுவதற்குள் பல வருடம் உடலில் இருந்திருக்கும். ஆகவே தெரிந்த அன்றே கண் பரிசோதனை, அதன் பிறகு வருடம் ஒருமுறை. சின்ன வயதிலிருந்து இன்சுலின் போடுபவர்களுக்கு ஐந்து வருடத்துக்குள் தொடங்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்திலேயே பார்க்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: நெடுநாள் ஏறிக் கிடந்த சர்க்கரையைச் சட்டென்று இறக்கும்போது, முதல் சில மாதங்கள் விழித்திரை கொஞ்சம் மோசமாகலாம். அதற்காகச் சர்க்கரையை இறக்காமல் இருக்கக் கூடாது. இன்சுலின் தொடங்குவதற்கு முன்பே கண்ணைக் காட்டிவிடுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகம், கொழுப்பு மூன்றும் இந்த நோயை முடுக்குபவை என்பதால் கண் டாக்டர் கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) ரிப்போர்ட் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கண்ணுக்குள்ளேயே ஊசியாமே! நினைச்சாலே நடுங்குது.

நடுங்குவது இயல்பு. மரத்துப்போகும் சொட்டு விட்டு, சுத்தம் செய்து, மெல்லிய ஊசியால் கண்ணின் வெள்ளைப் பகுதி வழியாகப் போடுவார்கள். ஊசி நுழைவது சில நொடிதான். முதல் ஊசிக்கு மயங்கி விழப் பார்த்தவர்கள் மூன்றாவது ஊசிக்கு ‘சீக்கிரம் முடிங்க, பஸ்ஸு போயிடும்’ என்பார்கள்.

நடு விழித்திரையில் நீர் கோத்தால், அல்லது கசியும் புது ரத்தக் குழாய்கள் முளைத்தால் இந்த ஊசி. வயதானவர்களின் ஈர வகை மேக்குலா நோய்க்கும் (நடு விழித்திரையில் ரத்தக் குழாய் கசியும் நோய்) இதுதான். நேர்கோடு வளைந்து தெரிவது அதன் முதல் அடையாளம். ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். ஒரே ஊசியில் முடியாது. ஆரம்பத்தில் மாதம் ஒன்றாகச் சில மாதம், பிறகு ஸ்கேன் பார்த்து இடைவெளியை நீட்டுவார்கள். ‘கொஞ்சம் தெளிஞ்சிடுச்சு’ என்று நடுவில் நின்றுபோவதுதான் இங்கே நடக்கும் பெரிய நஷ்டம்.

ஊசி போட்ட மறுநாளோ, அதற்கடுத்த சில நாட்களிலோ வலி கூடினால், கண் சிவந்து பார்வை குறைந்தால் கிருமி புகுந்திருக்கலாம். ஆயிரக்கணக்கில் ஒருவருக்கு வரும் சிக்கல்தான். வந்தால் அன்றே திரும்ப வர வேண்டும். நடு ராத்திரியானாலும் போன் செய்யுங்கள்.

கண் ஊசியில போடற அவாஸ்டின் கேன்சர் மருந்தாம். விலை கம்மின்னு அதைப் போட்டு ஏமாத்தறாங்களா?

அது குடல் புற்றுநோய்க்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து என்பது உண்மை. புது ரத்தக் குழாய் முளைப்பதைத் தடுப்பது அதன் வேலை. கண்ணுக்கும் அதே வேலை தேவைப்படுகிறது. வயதானவர்களின் மேக்குலா நோயில் விலை கூடிய ரானிபிசுமாப் ஊசிக்கு நிகராக இருந்ததை 2011இல் வெளிவந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. கவனிக்க வேண்டியது வேறு: பெரிய குப்பியிலிருந்து சின்னச் சின்ன அளவாகப் பிரிப்பதால், அதைக் கிருமியில்லாமல் செய்கிறார்களா என்பது. அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். நடு விழித்திரையில் நீர் அதிகம் கோத்துப் பார்வை நிறையக் குறைந்த சர்க்கரை நோயாளிக்கு டாக்டர் அப்லிபெர்செப்ட் என்ற இன்னொரு ஊசியைப் பரிந்துரைத்தால் அதற்கும் காரணம் உண்டு.

விழித்திரை ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள கேஸ் (வாயு) வெச்சிருக்காங்க. ஊருக்குப் போலாமா?

அந்த வாயு இருக்கும்வரை விமானம் கூடவே கூடாது. மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். கண்ணுக்குள் இருக்கும் வாயு விரியும். அழுத்தம் எகிறி, இருக்கும் பார்வையும் போகலாம். நம்மவர்கள் மறந்துபோவது மலையை. பெங்களூரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சென்னையில் வாயு வைத்துக்கொண்டு ரயிலில் பெங்களூர் திரும்புவதென்றாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இங்கே ஆபரேஷன் செய்துகொண்டு ஓய்வெடுக்க ஊட்டிக்குப் போகும் யோசனையைக் கைவிடுங்கள். அது 2,200 மீட்டருக்கும் மேல். வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம்வரை கண்ணில் இருக்கும். அதற்குள் வேறு ஆபரேஷன் வந்தால், மயக்க மருந்து டாக்டரிடம் முதல் வேலையாக இதைச் சொல்லுங்கள். வாயுவுக்குப் பதிலாகச் சிலிகான் எண்ணெய் வைத்தவர்களுக்கு இந்தப் பயணத் தடை இல்லை. ஆனால் எண்ணெயைப் பிறகு எடுக்க வேண்டிவரும்.

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடலாமா?

வேண்டாம். பூவைக் கண்மேல் ஒற்றிக்கொள்வதைப் பற்றி நான் சண்டை போடப் போவதில்லை. கண்ணுக்குள் விடுவது வேறு விஷயம். கருவிழியில் கீறல் இருந்தால் அதோடு கிருமியும் போகும். இலையோ வைக்கோலோ பட்டு வரும் புண்ணில் பூஞ்சை இருக்கக்கூடும். அதற்கு மருந்தும் வேறு. ஆகவே புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் மருந்து எழுத வேண்டும். கான்டாக்ட் லென்ஸோடு தூங்குபவர்கள், அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவுபவர்கள் ஐ.டி. கம்பெனிகளில் ஏராளம், கண் சிவந்தால் லென்ஸைக் கழற்றிப் பெட்டியோடு எடுத்து வாருங்கள்.

குழந்தைங்களுக்கு என்ன பார்க்கணும்?

34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்னதாக. கர்நாடகத்தில் 2008இல் தொடங்கிய, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயைக் கண்டறியும் கிட்ராப் திட்டத்தில், மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கே கேமராவோடு போய்ப் படமெடுத்து பெங்களூரில் இருக்கும் டாக்டருக்கு அனுப்புகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இந்தப் பரிசோதனை எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பாப்பாவில் வெள்ளையாக, பூனைக் கண்போல மின்னினால் அது கண் புற்றுநோயாக இருக்கலாம். சில நேரம் மொபைல் போட்டோவில்தான் முதலில் தெரியும். அந்த வாரமே காட்டுங்கள். இன்னொன்று: ‘எவ்வளவு பெரிய கண்ணு!’ என்று எல்லோரும் கொஞ்சும் குழந்தை வெளிச்சத்தில் கூசிக் கண்ணீர் வடித்தால், பிறவியிலேயே கண் அழுத்தம் இருக்கலாம்.

இந்தக் கண்ணை எடுத்துட்டு வேற கண் வைக்க முடியாதா? ராஜ்குமார் கண்ணெல்லாம் வெச்சாங்களே?

மாற்றக்கூடியது கருவிழி மட்டும். கன்னட நடிகர் ராஜ்குமார் 2006இல் மறைந்தபோது அவர் கண்கள் தானமாகத் தரப்பட்டன; 2021 அக்டோபரில் அவர் மகன் புனீத் மறைந்தபோது, கருவிழிகளை முன் அடுக்கு, பின் அடுக்கு என்று பிரித்து நான்கு பேருக்குப் பொருத்தினார்கள். விழித்திரையும் நரம்பும் கெட்டவர்களுக்கு இது உதவாது. மாலைக்கண்ணில் தொடங்கிப் பார்வை குறுகிக்கொண்டே வரும் பரம்பரை நோய், மாமன் மகள், அக்கா மகள் என்று உறவில் மணம் முடித்த குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. அவர்களிடம் ‘ஸ்டெம் செல் போட்டால் சரியாகிவிடும்’ என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நிரூபிக்கப்படாத சிகிச்சைக்குப் பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கண் தானம் செய்ய: இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்ல வேண்டும். அதுவரை இமையை மூடி ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையணையால் தலையைச் சற்றுத் தூக்கி வையுங்கள். சர்க்கரை நோய், கண்ணாடி, புரை ஆபரேஷன் எதுவும் தடையில்லை.

கையில் காசு இல்லை. எங்கே போறது?

கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கினால் மின்டோ கண் ஆஸ்பத்திரி பக்கம்தான். 1896இல் தொடங்கிய அரசு ஆஸ்பத்திரி. தீபாவளி இரவில் பட்டாசுக் காயத்துக்கு ஊர் முழுக்க ஓடுவது அங்கேதான். காலையில் சீக்கிரம் போங்கள். தமிழ் பேசினால் புரிந்துகொள்ள யாராவது இருப்பார்கள். ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா என்ற அரசு மருத்துவ உதவித் திட்டத்துக்கு இந்த மாநில ரேஷன் கார்டு வேண்டும். ஊர் கார்டை மட்டும் வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டுக் காப்பீடு எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று விசாரித்துவிட்டு வாருங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கப்படுபவர்கள் அதை மறந்துவிடாதீர்கள்.

பார்வை திரும்பாதுன்னு சொல்லிட்டாங்க. இனி ஆஸ்பத்திரிக்கு வந்து என்ன?

மிச்சமுள்ள பார்வைக்கு வேலை இருக்கிறது. குறைபார்வைப் பிரிவு இருக்கும் ஆஸ்பத்திரியில் உருப்பெருக்கி, எழுத்தைப் பெரிதாக்கும் கருவி, போன் படித்துச் சொல்லும் வசதி எல்லாம் பழக்குவார்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால் சலுகைகளுக்கு வழி உண்டு. நோய் இருக்கும் கண் ஒன்றானால், மறு கண்ணைக் காப்பதற்காகவாவது வர வேண்டும்.

முதல் தடவை வர்றப்ப என்ன எடுத்துட்டு வரணும்?

போட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடி, பழைய சீட்டு, ஸ்கேன் படங்கள், கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட். சொட்டு மருந்தின் பெயரை ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டாம். அட்டைப்பெட்டியையே எடுத்து வாருங்கள். ‘பச்சை மூடி’ என்று சொன்னால் எங்களுக்குத் தெரியாது.